என் பெயரில் ஒரு ஹோம்ஸ்டே

ராமநாதபுரம் கடற்கரையில், கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கல்யாணம் செய்வது வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி வருவார். அதனால், குடியிருக்கும் வீட்டிலேயே விருந்தினருக்கு அறை வாடகைக்கு விடும் ஹோம்ஸ்டே தொழிலைப் பதிவு செய்ய முதலில் கேட்ட வீட்டுப் பத்திரம் எனக்குத் தடையாக இல்லை. வாப்பா எழுதிக் கொடுத்த வீடு, பட்டாவும் என் பெயரில். வேறு ஊர்த் தோழிகள் சிலர், வீடு மாமனார் பெயரில் இருப்பதால் இந்த இடத்திலேயே நின்றுபோனார்கள். ஆசைப்படுகிறவர்கள் முதலில் பட்டாவை எடுத்துப் பாருங்கள்.

ஏர்வாடி தர்காவுக்கு வருகிற குடும்பங்கள் தங்க இடம் தேடி அலைவதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த எண்ணம் வந்தது. பிள்ளைகள் துபாய் போனபின் மாடி அறைகள் சும்மா கிடந்தன. வெளிப்பக்கம் தனிப் படியும் இருக்கிறது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் 1 முதல் 6 அறைகள், மொத்தம் 12 படுக்கைகள் வரை அனுமதி. உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் வசிக்க வேண்டும் என்பது நிபந்தனை. வீட்டிலேயே இருக்கிற எங்களைப் போன்ற பெண்களுக்கு இதுதான் பலம். விண்ணப்பத்தைத் தங்கை மகள் இணையத்தில் ஏற்றிக் கொடுத்தாள். போலீஸ் சரிபார்ப்புக்கு வீட்டுக்கே வந்து விசாரித்துப் போனார்கள். சாப்பாடு கொடுப்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும். நான் கட்டியபோது ஆண்டுக்கு 100 ரூபாய். இலங்கை, மலேசியாவிலிருந்து வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டு விருந்தினர் விவரப் படிவத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும். வந்ததும் பாஸ்போர்ட்டை வாங்கிப் படம் எடுத்துவிடுங்கள், தெரிந்தவர்களாக இருந்தாலும்.

2025 பட்ஜெட்டில் ஹோம்ஸ்டேக்கு முத்ரா கடன், அதாவது சிறுதொழிலுக்கான அரசுத் திட்டக் கடன், அறிவித்திருந்தார்கள். அதை நம்பி ஒரு வங்கிக்குப் போனால், ‘வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கம்மா’ என்றார்கள். வீடு என் பெயரில், தொழில் என் பெயரில், கையெழுத்து மட்டும் எதற்கு அவருடையது? அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. கடைசியில் எங்கள் மகளிர் குழுவில்தான் கடன் எடுத்தேன்.

அந்தப் பணம் பெரும்பாலும் தண்ணீருக்கே போனது. எங்கள் கிணறு உப்பு. குளித்தால் தலை பிசுபிசுக்கும், சோப்பு நுரைக்காது. காவிரித் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைக்கத் தனித் தொட்டி கட்டினோம். குளிக்க அந்தத் தண்ணீர், கழிவறைக்குக் கிணற்று நீர் என்று குழாயையே இரண்டாகப் பிரித்தோம். மெத்தை, ஏசி எல்லாம் அப்புறம். தண்ணீருக்கு வழி செய்யாமல் யாரும் இதைத் தொடங்க வேண்டாம்.

அடுத்தது மீன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். ஆள் வருகிற நேரத்தில் மீன் வரத்து குறைவு. வள்ளம் என்கிற சிறு படகில் வருவதுதான் கிடைக்கும், ஊளியும் விளமீனும் விலை எகிறிவிடும். அதனால் முன்பதிவின்போதே சொல்லிவிடுகிறேன்: அன்று கரைக்கு வருகிற மீன்தான், அன்றைய விலைதான்.

‘வீடு தேடி வந்தவங்களுக்குச் சோறு போட்டுக் காசு வாங்குறதா?’ என்று உம்மாவுக்கு வருத்தம். வாடகையோடு சாப்பாட்டை இனாமாக விட்டுவிடும் பெண்களை நானும் பார்க்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள். இடியாப்பத்துக்கு மாவு பிசைய விடியுமுன் எழுகிறோம், தேங்காய்ப்பால் பிழிகிறோம், மீன் ஆய்கிறோம். அதற்கு விலை உண்டு. எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குத் தனி விலை, தனி ரசீது. கூட்டம் அதிகமான நாளில் பக்கத்து வீட்டு லாத்தா (அக்கா) வந்து கைகொடுப்பார். அவர் கூலியும் அந்தக் கணக்கிலிருந்துதான் போகிறது.