டீச்சரை உக்காரச் சொன்னது

2024 ஏப்ரல் 19 லோக்சபா எலெக்‌ஷன், நான் பிரிசைடிங் ஆபீசர், அதாவது பூத்துக்குப் பொறுப்பு. ஓட்டு போட ஒரு பாட்டி வந்தாங்க, பார்வை ரொம்ப மங்கல், கை நடுக்கம் வேற, கூட யாரும் வரல. வயசை வெச்சு வீட்லருந்தே தபால் ஓட்டு போடறதுக்கு 85 ஆகணும், அதுவும் இவங்களுக்கு ஆகல. மை வைக்கிற டீச்சர் பாட்டி கையப் பிடிச்சுக்கிட்டு எழுந்துட்டாங்க. "சார், நான் உள்ள போய் இவங்க சொல்ற பட்டனை அமுக்கிட்டு வந்துடறேன்."

"உக்காருங்க டீச்சர், நம்ம ஸ்டாஃப் யாரும் போகக்கூடாது."

"ஏஜென்ட்டுங்களே ஒண்ணும் சொல்லலையே சார், பாவம்ல?"

நிஜமாவே எல்லா கட்சி ஏஜென்ட்டும் சரின்னு தலையாட்டினாங்க, ஆனா எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு, ஏன்னா ரகசியம் பாட்டியோடது, அதை விட்டுக்கொடுக்க இவங்க யாரு? பாவம் பாத்து ஒருத்தருக்கு போனா சாயங்காலத்துக்குள்ள இன்னும் நாலு பேருக்கு போக வேண்டியிருக்கும், அப்புறம் யாராவது கேட்டா என்ன பதில் சொல்றது? டீச்சர் மேல எனக்கு துளி சந்தேகமும் இல்ல, அதையும் சொல்லிடறேன். நல்ல மனசுக்காரங்க, அதனாலதான் எழுந்தாங்க.

தேர்தல் நடத்தை விதி 49என் படி 18 வயசு நிறைஞ்ச ஒருத்தர் துணைக்குப் போகலாம், ரகசியம் காப்பேன், இன்னைக்கு வேற யாருக்கும் துணையா போகலன்னு எழுதிக் கொடுக்கணும். பாட்டி போய் சொந்தக்காரப் பையன் ஒருத்தனைக் கூட்டிட்டு வந்தாங்க. அவன் எழுதிக் கொடுத்தான், துணையோட ஓட்டு போடறவங்களைக் குறிக்கிற 14ஏ ஃபார்ம்ல நான் ஏத்தினேன், ரெண்டு பேரும் உள்ள போனாங்க, பீப் சத்தம் கேட்டுச்சு. வெளிய வரும்போது அவன் ஒரு ஏஜென்ட்டைப் பாத்து லேசா சிரிச்சான். தெரிஞ்ச ஆள்னு சிரிச்சிருக்கலாம், ஒரே ஊர்தானே, ஆனா டீச்சர் என்னைத்தான் பாத்தாங்க.

பையன் எந்தக் கட்சின்னு விதி கேக்காது, எந்தப் பக்கமும் இல்லாத டீச்சரைத்தான் தடுக்குது. இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. பாட்டி நெனச்சதுக்குத்தான் ஓட்டு விழுந்துச்சான்னு நான் பாக்கவும் கூடாது, கேக்கவும் கூடாது. ஆனா அன்னைக்கு டீச்சரை விட்டிருந்தா அந்த பூத் மேல எனக்கே நம்பிக்கை போயிருக்கும், அதனால அடுத்த எலெக்‌ஷன்லயும் உக்காருங்கன்னுதான் சொல்லுவேன்னு நெனைக்கிறேன், அதே பாட்டி முன்னாடி நின்னா சொல்ல வாய் வருமான்னுதான் தெரியல.