95, 16, 0, 0, 0: ஜூன் மாத நாட்குறிப்பு

ஜூன் 3

பிளேஸ்டேஷன் விளையாட்டின் சிடியை இரண்டு முறை முழுமையாகப் படித்துப் பிரதி எடுத்தேன். இரண்டு பிரதிகளின் செக்சமும் (பிரதிகள் அச்சாக ஒன்றா என்று காட்டும் எண்) ஒன்றாகவே வந்தன. வெளிவிளிம்புக்கு அருகில் நகக்கீறல் போல ஒரு கோடு இருக்கிறது. அந்த இடத்தை அடைந்தபோது டிரைவ் நெடுநேரம் முனகிக்கொண்டே இருந்தது, நானும் கையைப் பிசைந்தபடி அருகில் உட்கார்ந்திருந்தேன். சிடியில் தரவு செக்டர் என்னும் சிறு துண்டுகளாக இருக்கிறது; ஒரு செக்டரில் 2352 பைட்டுகள் உள்ளன. அவற்றில் தரவு 2048 மட்டுமே. எஞ்சியவற்றில் 276 பைட்டுகள் பிழை திருத்துவதற்காகவே ஒதுக்கப்பட்டவை. இன்று என்னைக் காப்பாற்றியவை அந்த 276 பைட்டுகள்தான்.

பிலிருபின் (இரத்தத்தில் மஞ்சள் காமாலையின் அளவைக் காட்டும் எண்) 9.4.

ஜூன் 4

சிடிக்குள் வெளிப்படையாகத் தெரிபவை மிகக் குறைவு. துவக்க அமைப்புக் கோப்பு, நிரல் கோப்பு, இரண்டு வீடியோக்கள், பிறகு ஒரே ஒரு பெரிய கோப்பு. அதன் அளவு 30,46,11,328 பைட்டுகள். படங்கள், எழுத்துகள், இசை, வரைபடங்கள் எல்லாம் அந்த ஒன்றுக்குள் அடைக்கப்பட்டிருக்கின்றன. தலைப்பு இல்லை, பொருளடக்கம் இல்லை, எந்த வடிவம் என்று சொல்லும் அடையாளச் சொல்லும் இல்லை. திறந்தவுடன் நேராக இப்படித்தான் தொடங்குகிறது:

95 16 0 0 0 8 239 240 44 239 240

(எல்லோரும் பதினாறடிமான எண்களில் எழுதுவார்கள். எனக்குப் பதின்ம எண்கள்தான் மனத்தில் தங்குகின்றன. எனவே இந்தக் குறிப்பில் பைட்டுகளை அப்படியே எழுதப்போகிறேன்.)

விளையாட்டில் ரயில் ஜன்னலில் நான்கு விநாடிகள் தெரிந்து மறையும் அந்த மலை இதற்குள் எங்கோ இருக்கிறது.

ஜூன் 5

அம்மா மடிக்கணினியை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

ஜூன் 6

"கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு, அதை வெச்சு இன்னும் உத்து உத்துப் பார்க்கணுமா?" என்று கேட்டார். ஒரு மணி நேரம் மட்டும் என்று உடன்பட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்த ஒரு மணி நேரத்தையும் வீணடித்தேன். பைட்டுகள் சீராகச் சிதறிக் கிடப்பதைப் பார்த்து, இது மறைகுறியாக்கப்பட்ட கோப்பு என்று முடிவுகட்டி, ஒவ்வொரு எண்ணாக வைத்து எக்ஸ்ஓஆர் (பிட்டுகளைப் புரட்டி மறைக்கும் எளிய முறை) செய்து பார்த்தேன். மறைக்க வேண்டும் என்று நினைப்பவர் முதல் வரியிலேயே 16 0 0 0 8 என்று பச்சையாக விட்டுவைக்கமாட்டார் என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பிளேஸ்டேஷனின் டிம் படக்கோப்பு எப்போதும் 16 0 0 0 என்றுதான் தொடங்கும். அடுத்து 8 0 0 0 வந்தால் அது பதினாறு வண்ணப் படம்; 9 0 0 0 வந்தால் இருநூற்று ஐம்பத்தாறு வண்ணப் படம். இங்கே 8 வந்திருக்கிறது. ஆனால் அதன் பின் வர வேண்டிய மூன்று பூஜ்யங்கள் இல்லை. அவற்றின் இடத்தில் 239 240 நிற்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால், யாரும் அழைக்காத விருந்தாளியாக ஒரு 95.

ஜூன் 7

உடம்பெல்லாம் அரிப்பு. இரவு இரண்டு மணிக்கு மேல் உறக்கம் வரவில்லை. இருட்டில் படுத்தபடி 95-ஐ இரண்டாகப் பிரித்துக்கொண்டே போனேன். 64, 16, 8, 4, 2, 1. எட்டு பிட்டுகளாகக் கடைசியிலிருந்து படித்தால் 1 1 1 1 1 0 1 0 என்று வருகிறது.

ஐந்து ஒன்றுகள். 95-க்குப் பின் பச்சையாகத் தெரியும் பைட்டுகளும் ஐந்துதான்: 16, 0, 0, 0, 8. அடுத்த பிட் பூஜ்யம். அந்த இடத்தில்தான் 239 240 என்ற இணை இருக்கிறது. அடுத்தது ஒன்று, அங்கே 44 இருக்கிறது. கடைசியில் மீண்டும் பூஜ்யம். மீண்டும் அதே 239 240. பதினாறு வண்ணப் படத்தின் வண்ணப் பகுதி, 12 பைட் தலைப்பும் 32 பைட் வண்ணங்களுமாகச் சேர்ந்து சரியாக 44 பைட்டுகள். எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆக 95 என்பது தரவே அல்ல. அடுத்து வரும் எட்டுப் பொருள்களில் எது உள்ளபடியே எழுதப்பட்டது, எது "முன்பு வந்ததைப் போய்ப் பார்த்துக்கொள்" என்ற சுட்டு என்பதைச் சொல்லும் கொடி அது. 239 240 என்பது மூன்று பூஜ்யங்களைச் சுட்டுகிறது. இது மறைகுறியாக்கம் அல்ல, எல்இசட்எஸ்எஸ் சுருக்கம். அடைத்தவர் எதையும் ஒளிக்கவில்லை. இடத்தை மிச்சப்படுத்தியிருக்கிறார், அவ்வளவுதான்.

யாரையாவது எழுப்பிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. எழுப்பவில்லை.

ஜூன் 8

ஒக்குமுரா ஹருஹிகோ 1989-ல் எழுதி, யாரும் தாராளமாகப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று பொதுவில் விட்ட நிரலேதான் இது. ஓரெழுத்துகூட மாறவில்லை என்றே நினைக்கிறேன். அதில், பிரித்த பைட்டுகளை நினைவில் வைத்துக்கொள்ள 4096 பைட் கொண்ட ஒரு வளையம் உண்டு. எழுதுவது 4078-ஆம் இடத்தில் தொடங்கும். அப்படியானால் 16 உட்காருவது 4078-ல். முதல் பூஜ்யம் 4079-ல். இப்போது 239 240-ஐப் பிரித்தேன். 240-ன் எட்டு பிட்டுகளில் மேல்பாதி 15, கீழ்ப்பாதி 0. பதினைந்தை 256-ஆல் பெருக்கினால் 3840. அதோடு 239-ஐக் கூட்டினால் 4079. கீழ்ப்பாதியான பூஜ்யத்தோடு மூன்றைக் கூட்டினால் நீளம் 3. 4079-ஆம் இடத்திலிருந்து மூன்று பைட்டுகள். மூன்று பூஜ்யங்கள்.

ஒரு எண்ணும் பிசகவில்லை. நாற்பது வரிகளில் பிரிக்கும் நிரலை எழுதினேன். முதலில் கொடியைத் தலைகீழாகப் படித்துவிட்டதால் குப்பை வந்தது. திருத்திய பின் ஒரு படம் வந்தது. சிவப்பு நிறத் தபால் பெட்டி, அறுபத்து நான்குக்கு அறுபத்து நான்கு. அதன் வாயில் ஓர் உறையின் முனை வெள்ளையாக நீட்டிக்கொண்டிருக்கிறது. இந்த விளையாட்டை எத்தனையோ முறை முடித்திருக்கிறேன், அந்த உறையை ஒருநாளும் கவனித்ததில்லை.

ஜூன் 9

பிலிருபின் 11.2. ஏறியிருக்கிறது.

ஜூன் 11

மோர் சாதம், இளநீர், உறக்கம். இடையிடையே தேடல்.

ஒரு கோப்பைப் பிரிக்கத் தெரிந்துவிட்டது. ஆனால் ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்பது தெரியவில்லை. 95 16 0 0 0 8 என்று தேடினால் பதினாறு வண்ணப் படங்கள் கிடைக்கின்றன, 223 16 0 0 0 9 என்று தேடினால் இருநூற்று ஐம்பத்தாறு வண்ணப் படங்கள் கிடைக்கின்றன. எல்லாமே 2048-ன் மடங்குகளில், அதாவது செக்டரின் தொடக்கத்தில் இருக்கின்றன. படமல்லாத கோப்புகளுக்கு இப்படி முகம் கிடையாது. எனவே அட்டவணை ஒன்று நிரல் கோப்புக்குள் இருந்தே தீர வேண்டும்; கன்சோலுக்கு மட்டும் யார் வழி சொல்வது?

223-ல் தொடங்குபவற்றில் வண்ணப் பகுதியின் அளவு எப்போதும் 12 2, அதாவது 12 + 2 × 256 = 524 என்று இருக்கிறது. ஒன்றில் மட்டும் 12 4.

ஜூன் 12

அடுத்தடுத்த நான்கு படங்கள் 1204, 1211, 1230, 1234-ஆம் செக்டர்களில் தொடங்குகின்றன. இந்த எண்களை நிரல் கோப்பில் இரண்டு பைட்டுகளாகத் தேடினேன், நான்கு பைட்டுகளாகத் தேடினேன், சிடியின் தொடக்கத்திலிருந்து எண்ணிப் பார்த்தும் தேடினேன், 2048-ஆல் பெருக்கியும் தேடினேன். இல்லை. கண் எரிகிறது. இல்லாத ஒன்றைத் தேடுகிறேனோ என்ற பயம் முதன்முறையாக வந்தது.

ஜூன் 14

தொடக்க இடங்களைத் தேடியதுதான் தவறு. ரயில் நிலையங்களின் தூரத்தை ஒருவர் சென்னையிலிருந்து எண்ணி எழுதலாம். இன்னொருவர் முந்தைய நிலையத்திலிருந்து எண்ணி எழுதலாம். 1204-லிருந்து 1211-க்கு 7. அடுத்தது 19. அடுத்தது 4. நிரல் கோப்பில் 7 0 19 0 4 0 என்று தேடினேன். ஒரே ஓர் இடத்தில் இருந்தது.

அட்டவணையில் முகவரிகளே கிடையாது, நீளங்கள் மட்டுமே உண்டு. ஒரு கோப்புக்கு இரண்டு பைட்டுகள் வீதம் 1235 கோப்புகளுக்கு 2470 பைட்டுகள். நான்கு பைட் முகவரி எழுதியிருந்தால் இதைப்போல இரு மடங்கு ஆகியிருக்கும். முதன்மை நினைவகமே இரண்டு மெகாபைட்தான் என்ற கருவியில் அதுவும் ஒரு செலவுதான். எந்தக் கோப்பு வேண்டுமோ அதற்கு முந்தைய நீளங்களையெல்லாம் கூட்டிக்கொண்டே போனால் அதன் இடம் கிடைத்துவிடும்.

எல்லா நீளங்களையும் கூட்டினேன்: 1,48,736 செக்டர்கள். அதை 2048-ஆல் பெருக்கினேன்: 30,46,11,328. ஜூன் 4-ஆம் தேதி எழுதிய எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துச் சரிபார்த்தேன். வெகுநாள் கழித்து இன்று பசித்தது.

ஜூன் 15

1235-ல் 23 கோப்புகளின் நீளம் பூஜ்யம். எண் இருக்கிறது, கோப்பு இல்லை. எடுத்துவிட்டு எண்ணையும் நீக்கியிருந்தால் அதற்குப் பின் வரும் எல்லா எண்களும் மாறி, நிரலில் எழுதிய இடங்களெல்லாம் பிசகிப்போயிருக்கும். எனவே நாற்காலியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். பதினேழு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கின்றன. ஆறு அடுத்தடுத்து இருக்கின்றன.

பிலிருபின் 8.0.

ஜூன் 17

பிரித்த கோப்புகளின் வாலில் குப்பை சேர்கிறது. நீளம் செக்டர்களில் மட்டுமே இருப்பதால், கடைசிச் செக்டரின் மிச்ச இடம் பூஜ்யங்களால் நிரப்பப்பட்டிருக்கிறது. என் நிரல் அந்தப் பூஜ்யங்களையும் கொடிகளாகவும் சுட்டுகளாகவும் எண்ணிப் பிரிக்கிறது. பதினேழு பூஜ்யங்களுக்கு இருபத்து நான்கு பைட் குப்பை. டிம் படமானால் அதன் தலைப்பே அளவைச் சொல்லிவிடும், வெட்டிவிடலாம். மற்றவற்றை எங்கே நிறுத்துவது? கண்ணால் பார்த்து உத்தேசமாக வெட்டலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அது கூடாது. எங்கே நிறுத்த வேண்டும் என்று கன்சோலுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கும் அது தெரிய வேண்டும்.

ஜூன் 18

ஒன்றும் செய்யவில்லை. நாள் முழுவதும் 12 4 என்ற எண் தலைக்குள் சுற்றியது.

ஜூன் 19

எமுலேட்டரில் (கணினியில் கன்சோலைப் போலவே இயங்கும் நிரல்) பிரிக்கும் பகுதி ஓடும் இடத்தில் நிறுத்தம் வைத்துப் பார்த்தேன். கன்சோலின் மிப்ஸ் செயலியில் ஒரு செயற்கூறுக்குத் தரும் முதல் நான்கு மதிப்புகள் தனிப் பதிவேடுகளில் போகும். முதலாவதில் சுருக்கிய தரவின் முகவரி இருந்தது, இரண்டாவதில் விரித்து எழுத வேண்டிய இடம். மூன்றாவதில் ஓர் எண்: 2,092. தபால் பெட்டிப் படத்துக்காகக் காத்திருந்த இடம் அது. 8 பைட் தலைப்பு, 44 பைட் வண்ணப் பகுதி, 12 பைட் படத் தலைப்பு, 2,048 பைட் படம். கூட்டினால் 2,112 வருகிறது. இருபது குறைகிறது. நெஞ்சு திக்கென்றது. பிறகுதான் பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது தபால் பெட்டி அல்ல, அதற்கு முன் நினைவகத்தில் ஏற்றப்படும் உரைக்கோப்பு. அடுத்த நிறுத்தத்தில் 2,112 வந்தது.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் போனேன். முதல் அட்டவணை முடிந்த இடத்துக்குச் சற்றே தள்ளி, கோப்புக்கு நான்கு பைட் வீதம் இன்னோர் அட்டவணை. ஐந்து நாட்களாக அதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, ஏதோ நிரல் வரிகள் என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

ஜூன் 21

1212 கோப்புகளும் வால் குப்பை இல்லாமல் வெளியே வந்துவிட்டன. பிலிருபின் 4.3. அம்மா இரண்டாவது செய்தியை மட்டும் கேட்டுவிட்டு இட்லி ஊற்றப் போனார்.

ஜூன் 22

மலை கிடைத்தது. கோப்பு எண் 733. அதுதான் 12 4.

முதலில் சிதைந்தே தெரிந்தது. தலைப்பில் அகலம் 256 என்று இருக்கிறது. ஆனால் டிம் கோப்பில் அகலத்தை எழுதுவது பதினாறு பிட் அலகுகளில். ஒரு புள்ளிக்கு எட்டு பிட் என்னும்போது அதை இரட்டிக்க வேண்டும். இரட்டித்தேன். 512 புள்ளி அகலம், 208 உயரம். ஜன்னலில் நாம் பார்ப்பது நடுவிலுள்ள ஒரு கீற்று மட்டுமே. வலப்பக்கம் மலை சரிந்து ஒரு பள்ளத்தாக்காகிறது. அங்கே பதினோரு வீடுகள் கொண்ட ஒரு கிராமம், ஒரு பாலம், பாலத்தின் அடியில் ஓடை. ரயில் ஜன்னலின் சட்டம் அத்தனையையும் மறைத்துவிடுகிறது.

வண்ணப் பகுதி 524 பைட்டாக இருந்தால் 256 வண்ணங்கள் கொண்ட ஒரு பட்டியல். 12 4 என்றால் 1036. இரண்டு பட்டியல்கள். இரண்டாவதைப் பொருத்தினேன்.

இரவு.

வானம் கருநீலம், பனி மூடிய உச்சி வெளிர்நீலம், வீடுகளில் விளக்குகள். ஜன்னல்கள் மட்டும் எப்படி மஞ்சளாயின என்று பெரிதாக்கிப் பார்த்தேன். சுவரின் புள்ளிகளுக்கு எண் 201, ஜன்னல்களின் புள்ளிகளுக்கு எண் 202. பகல் பட்டியலில் 201-க்கும் 202-க்கும் சிவப்பு 12, பச்சை 12, நீலம் 13 என்று அச்சாக ஒரே சாம்பல் நிறம். பகலில் பார்த்தால் அங்கே ஜன்னல்கள் இருப்பதே தெரியாது, வெறும் சுவர்தான். இரவுப் பட்டியலில் 201 இருளாகிறது. 202 மட்டும் சிவப்பு 31, பச்சை 26, நீலம் 9. பகல் படத்தை வரையும்போதே ஒருவர், கண்ணுக்குத் தெரியாத அந்த ஜன்னல்களை, ஒரு வீட்டுக்கு இரண்டு மூன்று புள்ளிகளாக, வேறு எண்ணில் வரைந்துகொண்டே போயிருக்கிறார்.

ஒரு வீட்டில் மட்டும் 202 இல்லை. அந்த வீட்டில் விளக்கு எரியவில்லை.

ஜூன் 23

இரண்டாவது பட்டியல் படிக்கப்படும் இடத்தில் நிறுத்தம் வைத்து, ரயில் வரும் எல்லாக் காட்சிகளையும் விளையாடினேன். நினைவகத்துக்குப் படத்தோடு சேர்ந்து அதுவும் ஏறுகிறது. எடுத்துப் பயன்படுத்துவது முதல் பட்டியலை மட்டுமே. இந்த விளையாட்டில் ரயில் பகலில்தான் ஓடுகிறது.

ஜூன் 24

பிலிருபின் 2.6. சிடியைப் பஞ்சு வைத்து, இரண்டு அட்டைகளுக்கு நடுவில் கட்டிவிட்டேன். நாளை கூரியர்.

ஜூன் 25

வரிசையில் அடுத்தடுத்துக் காலியாகக் கிடக்கும் அந்த ஆறு எண்களை இன்றுதான் மீண்டும் எடுத்துப் பார்த்தேன். 734, 735, 736, 737, 738, 739. மலைக்கு அடுத்த ஆறு.