உடம்பின் தெம்பைக் கேட்டு ஊர் சுற்றுவது

காரைக்குடிக்கு வரும் உறவினர்களும் நண்பர்களும் கையில் ஒரு பட்டியலோடு வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. காலையில் பிள்ளையார்பட்டி, அடுத்துக் குன்றக்குடி, பதினொரு மணிக்கு ஆத்தங்குடி, பிறகு கானாடுகாத்தான், சாப்பாடு முடிந்ததும் திருமயம் கோட்டை, மாலையில் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் என்று ஒரே நாளுக்குள் எல்லாவற்றையும் அடுக்கியிருப்பார்கள். ஒவ்வோர் இடத்துக்கும் நேரம் ஒதுக்கியிருக்கும். அங்கெல்லாம் போகவேண்டிய உடம்புக்கு மட்டும் எதுவும் ஒதுக்கியிருக்காது. உச்சி வெயிலில் கோட்டைப் பாறைமேல் ஏறி இறங்கி, மிச்சப் பயணம் முழுவதும் காரில் கண்ணயர்ந்தபடி போகிறவர்களைப் பார்க்கையில் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். செட்டிநாட்டை அப்படிப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை.

நான் பல ஆண்டுகளாக வேறு விதமாகச் சுற்றுகிறேன். விடுமுறை நாளில் காலையில் எழுந்ததும் உடம்பில் எவ்வளவு தெம்பு இருக்கிறது, மனம் எதை நாடுகிறது என்று பார்த்து, முதல் இடத்தை மட்டும் முடிவு செய்துகொண்டு கிளம்புவேன். அதற்கு மேல் என்ன என்பதை அங்கே போன பிறகுதான் யோசிப்பேன். மனம் போன போக்கில் போகக் கூடாது என்று சிறு வயதிலேயே மனப்பாடம் செய்து வளர்ந்த நமக்கு இது பொறுப்பற்ற செயலாகத் தோன்றலாம். ஆனால் மனத்தின் ஆசையும் உடம்பின் தெம்பும் ஒன்றல்ல. வந்தது வந்தோம், இன்னும் இரண்டு கோயிலைப் பார்த்துவிடலாம் என்று விரட்டுவது பெரும்பாலும் ஆசைதான். போதும், இங்கேயே சற்று உட்கார் என்று சொல்வது உடம்பு. அந்த இரண்டாவது குரலுக்குச் செவிகொடுக்கப் பழகியதிலிருந்து என் பயணங்கள் சுருங்கியிருக்கின்றன, ஆனால் பார்த்தவை நெஞ்சில் நிற்கின்றன.

ஒருமுறை கானாடுகாத்தானுக்குப் போகும் வழியில், சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று ஆத்தங்குடியில் ஒரு கல் பட்டறைக்குள் நுழைந்தேன். தரைக்குப் பதிக்கும் பூக்கற்களை அங்கே இன்றும் கையால்தான் வார்க்கிறார்கள். ஒருவர் கண்ணாடித் தகடு ஒன்றைத் துணியால் துடைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, சட்டத்துக்குள் பூ வடிவ அச்சைப் பொருத்தினார். அச்சின் ஒவ்வோர் அறையிலும் ஒரு நிறமாகக் காவி, பச்சை, மஞ்சள் என்று சிறு கரண்டியால் ஊற்றிக்கொண்டே போனார். நிறமும் சிமெண்டும் கலந்த அந்தக் கரைசல் கூழின் பதத்தில் இருந்தது. இன்னும் கொஞ்சம் நீர்த்திருந்தால் நிறங்கள் கலந்துவிடும், கெட்டியாக இருந்தால் மூலைகளை எட்டாது. ஊற்றி முடித்ததும் அச்சை இரு கையாலும் பிடித்து, துளியும் அசைக்காமல் நேர்மேலே தூக்கினார். நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன, ஆனால் கலக்கவில்லை. அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அந்தத் தூள் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டதும் கலவையை நிரப்பி, கரணையால் மட்டம் செய்து ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்த கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் அடிப்பக்கம்தான் நாளைக்குக் கல்லின் முகம். நாம் வியக்கும் அந்தப் பளபளப்பு கண்ணாடி தந்தது.

கிளம்பலாம் என்று நினைத்த நேரத்தில், அச்சே இல்லாமல், கரண்டியிலிருந்து நிறத்தை ஒழுகவிட்டு இன்னொருவர் கொடி போடுவதைக் கண்டேன். அதற்குப் பிறகு நான் நகரவில்லை. உடம்பில் நல்ல தெம்பு இருந்தது, பார்வை சலிக்கவில்லை, இடையில் புறப்பட எந்தக் காரணமும் தெரியவில்லை. ஒரே கையிலிருந்து வந்த இரண்டு கொடிகள் எந்த இடத்தில் வேறுபடுகின்றன என்பது நெடுநேரம் உட்கார்ந்திருந்ததால்தான் கண்ணுக்குப் பட்டது. அன்று கானாடுகாத்தான் பயணம் நடக்கவே இல்லை. அது எனக்குக் குறையாகவும் படவில்லை. அங்குள்ள மாளிகைகளின் தரையில் கிடப்பது இந்தக் கற்கள்தானே, இவற்றின் பிறப்பைப் பார்த்துவிட்ட பிறகு அந்தத் தரைகளை வேறொரு நாள் வேறு கண்ணோடு பார்க்கலாம்.

உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதை அறிவியலும் உறுதியாகச் சொல்கிறது. அதை இயக்கும் மூலக்கூறு முறையைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. சிலருக்கு விடியற்காலையில் சுறுசுறுப்பு, சிலருக்கு மாலையில். பிற்பகலில் வரும் அசதி கூட வெறும் சாப்பாட்டினால் வருவதன்று. அந்தக் கடிகாரத்துக்கும் அதில் பங்குண்டு. நம் ஊர் வெயில் அதோடு சேர்ந்துகொள்ளும்போது பகல் ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே யாரும் தம்மை வருத்திக்கொள்ளத் தேவையில்லை. சாமிக்கே அந்த நேரத்தில் நடை சாத்திவிடுகிறார்கள்.

அன்றாட வாழ்விலும் இதே வழியில் போகலாம் என்பதை நான் அப்பத்தாவிடம்தான் கற்றேன். காலையில் எழுந்து முகம் கழுவியதும் அவருக்குத் தெரிந்துவிடும். “இன்னைக்குக் கை ஓடுது, மணகோலம் பிழிஞ்சிருவோம்” என்றால், அடுத்த அரைமணியில் அந்தப் பலகாரத்துக்கு அடுப்பில் சட்டி ஏறியிருக்கும். தெருவில் போகிறவர்களையும் கைவேலைக்கு உள்ளே கூப்பிட்டுக்கொள்வார். “இன்னைக்கு வேலையே ஓடல” என்றால், வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டில் முந்தானையை விரித்துப் படுத்துவிடுவார். யார் என்ன சொல்வார்கள் என்ற கவலை கிடையாது. ஆனால் இந்தச் சலுகை எதற்கு உண்டு, எதற்குக் கிடையாது என்பதில் அவர் மிகவும் கறாராக இருந்தார். கார்த்திகைத் தீபத்திலிருந்து இருபத்தொன்றாம் நாள் வரும் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கும் சடங்கை அசதி என்று சொல்லித் தள்ளிப்போட முடியாது. நல்லது கெட்டதுக்கு எந்த நிலையிலும் போய் நின்றுவிட வேண்டும். பிறரோடு ஒப்புக்கொண்டதைத் தெம்பு பார்த்து மாற்றக் கூடாது, தனக்குத் தானே வகுத்துக்கொண்டதை மாற்றலாம் என்பதுதான் அவருடைய கணக்கு. நானும் அதே கணக்கில்தான் இருக்கிறேன். அலுவலக நேரம் என் கையில் இல்லை. ஆனால் தலை தெளிவாக இருக்கும் காலையில் கணக்கு வேலையையும், பிற்பகலில் கோப்பு அடுக்குவதையும் வைத்துக்கொள்ள யாரும் தடை சொல்லவில்லை. மாலையில் பக்கத்து வீட்டு அக்கா ஊருணிப் பக்கம் நடக்கலாமா என்று கேட்டால், துவைக்கப் போட்ட துணி காத்திருக்கட்டும் என்று கிளம்பிவிடுகிறேன்.

மாற்றக் கூடாத ஒப்பந்தமும் தெம்புக்கேற்ற சலுகையும் சேர்ந்து நடப்பதைத் தைப்பூசக் காலத்தில் கண்ணாரக் காணலாம். குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடந்து போகும் நகரத்தார் பாதயாத்திரை நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழக்கம் உடையது. புறப்படும் நாளும் இரவுத் தங்கலும் தலைமுறைகளாக முடிவானவை. ஆனால் ஒரு தங்கலுக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள சாலையில் ஒவ்வொருவரும் தம் காலுக்கு ஏற்றபடி நடக்கிறார்கள். சிலர் பனி விலகும் முன்பே முன்னே போய்விடுவார்கள். சிலர் மரநிழல் கண்ட இடத்தில் காலை நீட்டிவிட்டுப் பின்னால் வருவார்கள். முந்திப் போனவரை யாரும் மெச்சுவதில்லை, பிந்தி வருபவரை யாரும் குறை சொல்வதுமில்லை. இவ்வளவு நெடிய நடையை வயதானவர்களும் முடிக்கிறார்கள் என்றால் அதற்கு இந்த விட்டுக்கொடுப்பும் ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன்.

செட்டிநாடு இத்தகைய பயணத்துக்குத் தோதான நிலம். ஊர்கள் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருக்கின்றன. டவுன் பஸ்கள் ஓடுகின்றன. ஒன்றைத் தவறவிட்டாலும் நாள் வீணாவதில்லை. கடைசிப் பேருந்து எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும், தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரிய வீடுகள் பலவும் பூட்டிக் கிடப்பவை, குடும்பங்களுக்குச் சொந்தமானவை என்பதால் திறந்திருப்பதைப் பார்த்து நிறைவடைய வேண்டும். இவ்வளவு ஏற்பாடு போதும்.

குளிர்காலத்தில் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977இல் அறிவிக்கப்பட்டது. வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. விடியற்காலையில்தான் போகவேண்டும் என்று யாராவது சொன்னால், அன்று உடம்பு எழ மறுத்தால் மறுக்கட்டும், நன்றாகத் தூங்குங்கள். வெயில் தாழ்ந்ததும் புறப்பட்டால் போதும். இரை தேடப் போன நத்தைகுத்தி நாரைகளும் அரிவாள்மூக்கன்களும் கூட்டம் கூட்டமாகக் கண்மாய் மரங்களில் வந்து அடைவது அந்த நேரத்தில்தான்.