குழுவுக்கு ஏற்ற நாடகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெச்சூர் நாடகக் குழுக்கள் மோசமான நாடகத்தை எடுத்து மாட்டிக்கொள்வதைவிட, நல்ல நாடகத்தை எடுத்து மாட்டிக்கொள்வதுதான் அதிகம். படித்தபோது எல்லோரையும் உலுக்கிய பிரதி, ஒத்திகையின் ஆறாவது வாரத்தில் பாதிப் பேர் வராமல், இரண்டாம் அங்கம் மனப்பாடம் ஆகாமல் தொங்கிக்கொண்டிருக்கும். பிரதியில் குறை இல்லை. இந்த ஆட்களை வைத்து, இத்தனை வாரத்தில், இந்த மேடையில் இதைப் போட முடியுமா என்று யாரும் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நாடகத் தேர்வில் ரசனைக்கு எவ்வளவு இடம் உண்டோ அவ்வளவு இடம் கணக்குக்கும் உண்டு. கணக்கை முதலில் முடித்துவிட்டால், ரசனையைப் பற்றி நிம்மதியாகச் சண்டை போடலாம்.

முதலில் நேரம். மேடையில் ஓடும் ஒரு நிமிடத்துக்கு ஒரு மணி நேர ஒத்திகை என்பது அனுபவமுள்ள குழுக்கள் வைத்துக்கொள்ளும் தோராயக் கணக்கு. 90 நிமிட நாடகத்துக்கு 90 மணி நேரம். வாரம் மூன்று மாலை, மாலைக்கு இரண்டரை மணி நேரம் என்றால் வாரத்துக்கு ஏழரை மணி, ஆக 12 வாரம். கையில் இருப்பது எட்டு வாரம் என்றால் 60 நிமிட நாடகத்தைத் தேடுங்கள். 90 நிமிடப் பிரதியை எடுத்து வெட்டிக்கொள்ளலாம் என்ற யோசனை வேண்டாம். இறுக்கமாக எழுதப்பட்ட நாடகத்தில் முதல் அங்கத்தில் வெட்டிய நான்கு வரிதான் மூன்றாம் அங்கத்தின் திருப்பத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்தது ஆட்கள். கூட்டத்தில் கை தூக்கியவர்களை எண்ணாதீர்கள். கடைசி நாடகத்தில் ஒத்திகைக்கு ஒழுங்காக வந்தவர்களை எண்ணுங்கள். அதிலும் ஒருவரைக் கழித்துவிட்டு மீதியை வைத்து நாடகம் தேடுங்கள். பின்மேடைக்கும் குறைந்தது மூன்று பேர் தேவை: ஒளிக்கு ஒருவர், ஒலிக்கு ஒருவர், மேடைப் பொருள்களுக்கு ஒருவர். எல்லோருக்கும் பாத்திரம் கொடுத்துவிட்டுக் கடைசி வாரத்தில் பின்மேடைக்கு ஆள் தேடும் குழு, வாசல் மணி அடிக்காத நாடகத்தைத்தான் போடும்.

இப்போது முக்கியமான வேலைக்கு வருவோம். பிடித்த பிரதி ஒவ்வொன்றுக்கும் நுழைவு–வெளியேற்ற அட்டவணை ஒன்று போடுங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாகப் பாத்திரங்களின் பெயர். மேலே இடமிருந்து வலமாகப் பத்திகள், அதாவது நெடுவரிசைகள். பிரதியில் ‘காட்சி 1’, ‘காட்சி 2’ என்று இருப்பதைப் பத்தியாக எடுக்கக் கூடாது. ஒரு காட்சி 25 பக்கம் ஓடலாம். யாராவது மேடைக்குள் வந்தால் ஒரு புதுப் பத்தி, யாராவது வெளியே போனால் இன்னொரு பத்தி. ஒவ்வொரு கட்டத்திலும் அந்தப் பாத்திரம் அங்கே எத்தனை முறை பேசுகிறது என்று எழுதுங்கள். மேடையில் இருந்தும் பேசாவிட்டால் 0. மேடையிலேயே இல்லாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடுங்கள். 90 நிமிட நாடகத்துக்கு இதைப் போட ஒரு மாலை போதும்.

அந்த ஒரு தாளில் நாடகத்தின் எலும்பு முழுக்கத் தெரியும். பத்தியெல்லாம் நிறைந்திருக்கும் பாத்திரம் எது, மூன்றே பத்திகளில் வந்துபோகும் பாத்திரம் எது என்று பார்த்தவுடன் புரியும். சிறு பாத்திரங்கள் அடுத்தடுத்த பத்திகளில் சேர்ந்து கிடந்தால், அந்த நடிகர்களை வாரம் ஒரு நாள் கூப்பிட்டால் போதும். முதல் பத்தியில் இரண்டு வரி, கடைசிப் பத்தியில் இரண்டு வரி என்று சிதறிக் கிடந்தால், அவர்கள் ஒவ்வொரு ஒத்திகைக்கும் வந்து சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பாதியில் விலகிப்போகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். வரிசையாக 0 விழுந்திருக்கும் பாத்திரத்தையும் கவனியுங்கள். 15 நிமிடம் பேசாமல் மேடையில் இருப்பது புதியவருக்குப் பேசுவதைவிடக் கடினம். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்வரிசையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

ஒருவரே இரண்டு வேடம் போட முடியுமா என்பதற்கும் அதே தாள்தான் பதில். இரண்டு பாத்திரங்களும் ஒரே பத்தியில் இருக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். நடுவில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைத்தான் மறந்துவிடுவார்கள். மேலே ஒரு துணியைப் போட்டுக்கொள்ள, கண்ணாடியைக் கழற்ற அரை நிமிடம் போதும். முழு உடையும் மாற வேண்டுமென்றால் கூடவே ஒருவர் உதவிக்கு நின்றாலும் இரண்டு நிமிடம் ஆகும். மேடையின் வலப்பக்கம் வெளியேறி இடப்பக்கம் நுழைய வேண்டியிருந்தால், பின்னால் சுற்றிப்போக வழி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பல சிறிய அரங்குகளில் அந்த வழி கிடையாது.

வசனத்தின் சுமையை நீளத்தை வைத்து மட்டும் எடைபோட முடியாது. ஒரு பக்கம் ஓடும் தனிப்பேச்சு பயமுறுத்தும், ஆனால் அதில் ஒரு வரி அடுத்த வரிக்கு இழுத்துச் செல்லும். உண்மையில் ஆபத்தானவை ‘அப்படியா?’, ‘சரி’, ‘பிறகு?’ என்று துண்டு துண்டாக வரும் பதில்கள். அவற்றில் பிடிமானமே இல்லை. அதைவிட ஆபத்து, ஒரே எடுப்பு வரி, அதாவது அடுத்தவர் பேச அடையாளமாக இருக்கும் வரி, இரண்டு இடத்தில் வருவது. 12ஆம் பக்கத்தில் ‘அவன் எங்கே?’ என்றால் ‘வெளியே போயிருக்கிறான்’ என்று பதில். 47ஆம் பக்கத்திலும் ‘அவன் எங்கே?’ என்றே கேள்வி வந்து ‘இனி வரமாட்டான்’ என்று பதில். நிகழ்ச்சி நாளின் பதற்றத்தில் முதல் இடத்தில் இரண்டாம் பதிலைச் சொல்லிவிட்டால் 35 பக்கம் காணாமல் போகும். பிரதியைப் படிக்கும்போதே இப்படிப்பட்ட இரட்டை வரிகளைக் கோடிட்டு வையுங்கள். ஐந்தாறுக்கு மேல் இருந்தால் புதிய குழு அந்த நாடகத்தைத் தவிர்ப்பதே நல்லது.

மேடைக் குறிப்புகளை மட்டும் தனியாக ஒருமுறை படியுங்கள். நாடகத்தில் எத்தனை இடங்கள், எத்தனை கதவுகள், எத்தனை இருட்டடிப்புகள்? 12 காட்சிகள் என்றால் 11 மாற்றங்கள். மாற்றத்துக்கு 30 விநாடி என்றாலும் ஐந்தரை நிமிடம் பார்வையாளர்கள் இருட்டில் நாற்காலி நகரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கதவை ஓங்கிச் சாத்தும் நகைச்சுவை நாடகத்துக்கு ஆடாத சட்டமும், பின்னால் முட்டுக்கட்டையும், தரையில் எடைக் கல்லும் வேண்டும். துணித்திரைச் சுவரில் கதவு வைத்தால் முதல் சாத்தலிலேயே வீடு முழுக்க ஆடும். மேடையில் சாப்பிடும் காட்சியில் மென்றுகொண்டே பேச முடியாது, விழுங்கிவிட்டுப் பேசினால் வேகம் போய்விடும். தீ, புகை, துப்பாக்கிச் சத்தம் ஆகியவற்றுக்கு அரங்க நிர்வாகம் அனுமதி தருமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நகைச்சுவை சுலபம் என்று நினைத்து எடுக்கும் குழுக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சோக நாடகத்தில் ஒரு வரி இரண்டு விநாடி தாமதமானால் அது மௌனமாகத் தெரியும். நகைச்சுவையில் அதே தாமதம் சிரிப்பைக் கொன்றுவிடும். வசனம் தண்ணீராக வந்த பிறகுதான் நகைச்சுவைக்கான ஒத்திகையே தொடங்கும். ஆகவே அதற்குக் கூடுதலாக இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள்.

கணக்கில் தேறிய மூன்று பிரதிகளை எடுத்துக்கொண்டு குழு முழுவதும் வட்டமாக உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். மௌன வாசிப்பை நம்பி எந்த நாடகத்தையும் முடிவு செய்யாதீர்கள். பாத்திரங்களை அங்கத்துக்கு அங்கம் மாற்றிக் கொடுங்கள். இல்லாவிட்டால் நன்றாகப் படிக்கும் ஒருவர் சாதாரணப் பிரதியைத் தூக்கிவிடுவார். கடிகாரம் வைத்து நேரம் எடுத்து, அதோடு நடமாட்டத்துக்கும் காட்சி மாற்றத்துக்கும் 15 சதவீதம் சேருங்கள். ஒருவர் படிக்காமல் மற்றவர்களைக் கவனிக்கட்டும்: எந்தப் பக்கத்தில் எல்லோரும் தாளைப் பின்னால் புரட்டி இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்கள்? மொழிபெயர்ப்பு நாடகங்களில் இந்த வாசிப்பு இன்னும் அவசியம். கண்ணுக்குச் சரியாகத் தெரியும் வாக்கியத்தின் வினைச்சொல், வாயில் வரும்போது மூச்சு முடிந்த பிறகுதான் வந்து சேரும். வாக்கெடுப்பு நடத்துங்கள், ஆனால் இயக்குநருக்குப் பிடிக்காத நாடகம் வாக்கில் ஜெயித்தாலும் அதை எடுக்க வேண்டாம். மூன்று மாதம் அதோடு வாழப்போகிறவர் அவர்.

பெயரை அறிவிக்கும் முன் உரிமையை முடித்துவிடுங்கள். புத்தகம் வாங்குவது வேறு, மேடையேற்றும் அனுமதி வேறு. பதிப்புரிமைக் காலம் நாட்டுக்கு நாடு மாறும்: ஆசிரியர் இறந்தபின் இந்தியாவில் 60 ஆண்டு, இலங்கையில் 70. ரஷ்ய நாடகாசிரியர் செகாவ் 1904இல் இறந்தவர், அவர் எழுதிய மூலப் பிரதி இன்று எல்லோருக்கும் பொது. ஆனால் நீங்கள் கையில் வைத்திருக்கும் தமிழ் மொழிபெயர்ப்பு அந்த மொழிபெயர்ப்பாளருடையது. வரி வெட்டுவது, முடிவை மாற்றுவது, ஆண் பாத்திரத்தைப் பெண்ணாக்குவது எல்லாவற்றையும் அனுமதிக் கடிதத்திலேயே கேளுங்கள். அயர்லாந்து நாடகாசிரியர் சாமுவேல் பெக்கெட் தன் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகத்தைப் பெண்களை வைத்துப் போட்ட நெதர்லாந்துக் குழு மீது 1988இல் வழக்கே தொடுத்தார். தீர்ப்பு குழுவின் பக்கம் வந்தது, அதன்பின் அவர் அந்த நாட்டில் தன் நாடகங்களுக்குத் தடை போட்டுவிட்டார். நிகழ்ச்சிக்கு நுழைவுக் கட்டணம் உண்டா, எத்தனை முறை போடப்போகிறீர்கள், காணொளியாகப் பதிவு செய்வீர்களா என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். பதில் வரச் சில வாரங்கள் ஆகலாம், அதனால் இரண்டாம் இடத்தில் நின்ற பிரதியின் அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.