ஏர் ரைஃபிள் ஸ்டாக்கிற்குப் பெயின்ட்: இரண்டாவது முயற்சி

போன தடவை ஸ்டாக்கில், அதாவது துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கட்டையில், அடித்த பெயின்ட் சரியாக ஐந்து வாரம் நின்றது. கன்னம் வைக்கும் இடத்தில் முதலில் ஒரு சின்னக் கொப்புளம் தெரிந்தது. சும்மா இருக்காமல் நகத்தால் நெருடினேன். பாம்பு சட்டை உரிப்பது போல விரல் நீளத்துக்கு ஒரே துண்டாக வந்துவிட்டது. அந்தத் துண்டைத் திருப்பிப் பார்த்தால், ஸ்டாக்கின் மேலிருந்த பொடிப்பொடியான புள்ளி வேலைப்பாடு அதன் அடியில் அச்செடுத்தது மாதிரி பதிந்திருந்தது. பெயின்ட் நன்றாகத்தான் காய்ந்திருக்கிறது. ஒரு கோட்டிங் அடுத்த கோட்டிங்கோடு நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. பிளாஸ்டிக்கோடு மட்டும் அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நான் செய்தது இவ்வளவுதான்: ஈரத்துணியால் துடைத்தேன், டப்பாவைக் குலுக்கினேன், அடித்தேன். டப்பாவின் மேல் ‘பிளாஸ்டிக்கிற்கும் ஏற்றது’ என்று போட்டிருந்ததை நம்பிவிட்டேன். எந்தப் பிளாஸ்டிக் என்று அதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த முறை நான்கு வார இறுதிகள் ஆகின. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதல் வார இறுதி

துப்பாக்கி, குழலை மடக்கி இழுக்கும் சாதாரண ஸ்பிரிங் வகை. உள்ளே பெல்லட் (சின்ன ஈயக்குண்டு) இல்லை, ஸ்பிரிங் இழுபட்ட நிலையில் இல்லை என்று இரண்டு தடவை பார்த்த பிறகுதான் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தேன். முன்கட்டையில் பக்கத்துக்கு ஒரு திருகு, டிரிக்கரைச் சுற்றியுள்ள வளையமான டிரிக்கர் கார்டில் இரண்டு. நான்கையும் கழற்றினால் இரும்பு தனி, ஸ்டாக் தனி. தோளில் படும் ரப்பர் பட்டையையும் கழற்றிவிட்டேன். மாஸ்கிங் டேப் ஒட்டி, இரும்பு வேலைகளோடு சேர்த்தே அடித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். போன தடவை அப்படித்தான் செய்தேன். டேப்பின் ஓரத்தில் பெயின்ட் மேடு தட்டி நின்றது, உரிதல் தொடங்கிய இடங்களில் அதுவும் ஒன்று.

பழைய பெயின்ட்டை எடுக்க ரிமூவர் எதுவும் தேவைப்படவில்லை. பாதி நகத்தோடு வந்தது, பாதி பேக்கிங் டேப்பை ஒட்டி இழுத்ததில் வந்தது. பிடியில் உள்ள கட்டக்கட்ட வேலைப்பாட்டுக்குள் ஒளிந்திருந்ததை மட்டும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். கெட்டியான ரிமூவரும் அசிட்டோனும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும் என்பதால், கையில் இருப்பது என்ன பிளாஸ்டிக் என்று தெரியாத நிலையில் அவற்றைத் தொடவில்லை.

அப்புறம் கழுவல். பாத்திரம் கழுவும் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், பச்சை நார். இந்த மாதிரி ஸ்டாக்குகளை அச்சில் ஊற்றி வார்க்கும்போது, பொருள் அச்சில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழுக்குப் பொருள் பூசுவது உண்டு. பெரும்பாலும் சிலிக்கோன் வகை. அது கொஞ்சம் மேற்பரப்பிலேயே தங்கிவிடும். அது போதாதென்று, பளபளப்பாக இருக்கட்டும் என்று நானே பல தடவை சிலிக்கோன் எண்ணெய் தடவித் துடைத்திருக்கிறேன்.

இங்கேதான் ஒரு மதியம் முழுக்க வீணானது. சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க இரும்பு வேலையில் ஒரு வழி உண்டு. தண்ணீர் ஊற்றினால் அது தாள் விரித்தது போலப் படர வேண்டும், முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய்ப் பசை இருக்கிறது என்று அர்த்தம். நானும் ஊற்றினேன். முத்து முத்தாகத் திரண்டது. மறுபடி சோப்பு, மறுபடி ஆல்கஹால், மறுபடி தண்ணீர். மறுபடி முத்து. நான்காவது தடவை கை தோல் சுருங்கிப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

கார் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கும் நண்பரைக் கூப்பிட்டுச் சொன்னேன். சிரித்துவிட்டு, “அது அழுக்கு இல்லீங்க, பிளாஸ்டிக்கோட குணமே அதுதான். முதல்ல தண்ணியில மிதக்குதான்னு பாருங்க” என்றார்.

ரப்பர் பட்டைக்கு அடியில், வெளியே தெரியாத விளிம்பிலிருந்து கத்தியால் ஒரு சீவல் எடுத்தேன். நகத்துண்டு அளவுதான். ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் மிதந்தது. ஆனால் இத்தனை சின்னச் சீவல் தண்ணீரின் மேல்தோலைப் பிடித்துக்கொண்டுகூட மிதக்கும். அதனால் ஒரு சொட்டு சோப்பு விட்டு, ஊசியால் அதை அடிவரை அமுக்கி, ஒட்டியிருந்த காற்றுக்குமிழியையும் தட்டிவிட்டேன். ஊசியை எடுத்ததும் நிதானமாக மேலே ஏறி வந்தது. தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கின் அடர்த்தி சுமார் 0.9. ஏபிஎஸ் 1.05 பக்கம், நைலான் 1.14 பக்கம். பின்னவை இரண்டும் மூழ்கும். ஆக என்னுடையது பாலிப்ரொப்பிலீன் குடும்பம். ஒன்று கவனிக்க வேண்டும்: மூழ்கினால் பாலிப்ரொப்பிலீன் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. கண்ணாடி இழை நிறையக் கலந்திருந்தால் அதுவும் மூழ்கும். சில ஸ்டாக்குகளில் உள்பக்கம் பிபி, பிஏ, ஏபிஎஸ் என்று எழுத்தே வார்த்திருக்கும், டார்ச் அடித்துப் பார்த்தால் இந்த டம்ளர் வேலையே மிச்சம். பிஏ என்றால் நைலான். என்னுடையதில் எதுவும் இல்லை.

பாலிப்ரொப்பிலீன் என்று தெரிந்ததும் போன தடவை ஏன் உரிந்தது என்பது புரிந்துவிட்டது. அந்த மூலக்கூறில் கார்பனையும் ஹைட்ரஜனையும் தவிர வேறெதுவும் இல்லை. பெயின்ட் கைபோட்டுப் பிடித்துக்கொள்ள அங்கே ஒரு கொக்கிகூட கிடையாது. தண்ணீர் முத்தாகத் திரள்வதும் அதனால்தான். நான் நாள் முழுக்கத் தேய்த்தாலும் அது திரண்டுகொண்டேதான் இருந்திருக்கும்.

இரண்டாவது வார இறுதி

இதற்கு மருந்து அட்ஹீஷன் புரமோட்டர், அதாவது பெயின்ட்டுக்கு முன்னால் அடிக்கும் ஒட்டவைக்கும் பூச்சு. கார் பம்பர்களில் பெரும்பாலானவை இதே குடும்பப் பிளாஸ்டிக் என்பதால் கார் பெயின்ட் விற்கும் இடங்களில் ஸ்ப்ரே டப்பாவாகவே கிடைக்கிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் குளோரின் ஏற்றிய பாலியோலிஃபின் (பாலிப்ரொப்பிலீன் சேர்ந்த குடும்பத்தின் பெயர்). பிளாஸ்டிக்கோடும் சேரும், மேலே வரும் பெயின்ட்டோடும் சேரும். தரகர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேராக ஸ்டாக்கில் அடிக்காமல், ரப்பர் பட்டை மூடும் இடத்தில் பக்கத்து பக்கத்தில் இரண்டு கட்டம் பிரித்தேன். ஒன்றில் தேய்த்துவிட்டு வெறும் பெயின்ட், இன்னொன்றில் தேய்த்து, புரமோட்டர் அடித்து, பெயின்ட். ஆறு நாள் காய விட்டு, புது பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக 1 மில்லிமீட்டர் இடைவெளியில் பதினொரு பதினொரு கோடு கீறினேன். நூறு குட்டிக் கட்டங்கள் கிடைக்கும். அதன் மேல் டேப்பை அழுத்தி ஒட்டி, விருட்டென்று இழுக்க வேண்டும். தொழிற்சாலைகளில் ஏஎஸ்டிஎம் டி3359 என்ற பெயரில் செய்யும் சோதனை இதுதான். அங்கே அதற்கென்று சீப்பு போன்ற கத்தியும், குறிப்பிட்ட டேப்பும் உண்டு. நான் இரும்பு ஸ்கேலை வைத்துச் சமாளித்தேன்.

வெறும் பெயின்ட் அடித்த கட்டத்தில் டேப்போடு எல்லாமே வந்துவிட்டது. டேப்பில் ஒரு குட்டிச் சதுரங்கப் பலகை. புரமோட்டர் போட்ட கட்டத்தில் கோடுகள் சந்திக்கும் மூலைகளில் நான்கைந்து பொடிகள் மட்டும் உதிர்ந்தன. இரண்டுக்கும் தேய்த்தது ஒரே மாதிரிதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலே பெயின்ட் பிடித்துவிடும் என்ற என் நம்பிக்கை அன்றோடு போயிற்று.

மூன்றாவது வார இறுதி

தேய்க்கும் வேலை. 400 நம்பர் வாட்டர் பேப்பரை உலர்வாகப் போட்டதும் இந்தப் பிளாஸ்டிக் பஞ்சு மாதிரி நார் நாராகக் கிளம்பியது. தண்ணீரோடு தேய்த்தால் பரவாயில்லை. வளைவுகளிலும் பிடியிலும் பச்சை நாரே போதும். பளபளப்பு போய் ஒரே சீராகச் சாம்பல் பூத்தது போல் ஆனால் சரி. கழுவி, ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, அடிக்கும் முன் ஆல்கஹாலால் கடைசியாக ஒரு துடைப்பு. அதற்குப் பிறகு கையுறை இல்லாமல் தொடவில்லை.

மறைக்க வேண்டிய இடங்கள் என்று பார்த்தால் உள்பள்ளம், அதாவது இரும்பு உட்காரும் இடம், முக்கியம். அங்கே பெயின்ட் ஏறினால் பொருத்தம் மாறும். அதைவிட நான் தவறவிடப் பார்த்தது திருகுத் துளைகள். திருகின் தலைக்கு அடியில் பெயின்ட் படலம் இருந்தால், நாம் இறுக்கிய பிறகு அது மெல்ல நசுங்கி விலகும், இறுக்கம் தளரும். ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னுமாக உதறுகிற உதறலில் திருகுகள் ஏற்கெனவே கழன்றுகொள்ளத் துடிப்பவை. துளைகளைச் சுற்றித் திருகுத் தலை அளவுக்கு வட்ட வட்டமாக டேப் வெட்டி ஒட்டினேன்.

பின்பக்கத் துளையில் கம்பி மாட்டி, திறந்த வெளியில் நிழலான இடத்தில் தொங்கவிட்டேன். ஆவிக்குரிய ஃபில்டர் போட்ட முகமூடி. சாதாரணத் தூசி முகமூடி இதற்கு ஆகாது. புரமோட்டர் இரண்டு கை, மெல்லியதாக. டப்பாவில் சொன்ன இடைவெளி முடிவதற்குள் முதல் பெயின்ட் விழுந்துவிட வேண்டும், அதனால் மணற்பழுப்பு டப்பாவைக் குலுக்கித் தயாராகப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

25 சென்டிமீட்டர் தூரம், ஸ்டாக்குக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, வெளியே போய் விடுவது. முதல் கோட்டிங்கில் கறுப்பு தெரியும், தெரியட்டும். அதை அன்றே மூடிவிட வேண்டும் என்ற ஆசைதான் வழிய வைக்கும். இரண்டாவதும் நன்றாகவே வந்தது. மூன்றாவதில் பிடிக்குப் பின்னால் கட்டைவிரல் பள்ளத்தில் பெயின்ட் சரியாகப் படியவில்லை என்று கிட்டே கொண்டுபோய் ஒரு அழுத்து அழுத்தினேன். கண் முன்னாலேயே ஒரு சொட்டு திரண்டு, கனத்து, பிடியின் வழியாகக் கீழே இறங்கியது.

அப்படியே விட்டிருந்தால் ஒரு தவறோடு போயிருக்கும். ஐந்து மணி நேரம் கழித்து, தொட்டால் ஒட்டவில்லை என்பதால், 600 நம்பர் தாளால் அந்த வழிசலை மட்டம் செய்துவிட்டு மேலே இன்னொரு கோட்டிங் அடித்தேன். இரண்டு நிமிடத்தில் அந்த இடம் முழுக்க முதலையின் முதுகு மாதிரி சுருங்கிப்போனது. டப்பாவின் பின்னால் தெளிவாகவே எழுதியிருக்கிறது: அடுத்த கோட்டிங் ஒரு மணி நேரத்துக்குள், இல்லையென்றால் 48 மணி நேரத்துக்குப் பிறகு. இந்த எனாமல் வகைப் பெயின்ட் மேற்புறத்தில் தோல் கட்டிவிடும், அடியில் பச்சையாகவே இருக்கும். புதிதாக விழும் பெயின்ட்டில் உள்ள கரைப்பான் அந்தத் தோலைத் துளைத்து இறங்கி உப்ப வைத்துவிடும். இடைப்பட்ட நேரத்தில் அடித்தால் இதுதான் கதி. நான் மிகச் சரியாக நடுவில் அடித்திருக்கிறேன்.

மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

நான்காவது வார இறுதி

ஒரு வாரம் காய்ந்த பிறகு சுருக்கம் விழுந்த பகுதியை மட்டும் தண்ணீரோடு தேய்த்து இறக்கினேன். இரண்டு இடத்தில் கறுப்பு எட்டிப் பார்த்தது. அங்கே புரமோட்டரில் தொடங்கி எல்லாம் முதலிலிருந்து.

அடுத்து கோலம். காய்ந்த இலைகளை ஒட்டி வைத்து மேலே அடித்தால் அழகான நிழல் விழும் என்று நினைத்து அட்டையில் ஒத்திகை பார்த்தேன். பள்ளிக்கூடத்துக் கைவேலை மாதிரி இருந்தது. கைவிட்டேன். ஸ்பான்ஜைப் பிய்த்து, பெயின்ட்டைத் தொட்டு, அட்டையில் ஒற்றிப் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, மிச்சம் இருப்பதால் ஸ்டாக்கில் மெல்ல ஒற்றியது பிடித்திருந்தது. முதலில் பழுப்பு, பிறகு மிகக் குறைவாகக் கரும்பச்சை. ஒவ்வொரு ஒற்றலுக்கும் ஸ்பான்ஜைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். இல்லையென்றால் ஒரே முத்திரை வரிசையாக விழுந்தது கண்ணில் படும். பத்தடி தள்ளி நின்று பார்த்து, போதும் என்று தோன்றுவதற்கு ஒரு ஒற்றல் முன்னதாகவே நிறுத்தினேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் பொறுமை இருந்தது.

மேலே மேட் கிளியர், அதாவது பளபளப்பில்லாத நிறமற்ற மேல்பூச்சு, இரண்டு கை. கெட்டியாக அடித்தால் இருண்ட நிறத்தின் மேல் பால் படிந்தது போல் மங்கும், அதனால் மெல்லியதாகவே போனேன். இரண்டு பாகமாகக் கலக்கும் டூ-கே கிளியர் இதைவிட எத்தனையோ மடங்கு உறுதி என்பது தெரியும். ஆனால் அதன் கடினப்படுத்தியில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை அது மூச்சில் ஒவ்வாமல் போனால் ஆஸ்துமா வரை கொண்டுபோய் விடும். வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகமூடி இல்லாமல் அதை வீட்டில் தொடுவதாக இல்லை.

பிறகு பத்து நாள் கிட்டே போகவில்லை. தொட்டால் ஒட்டாதது ஒன்று, உள்வரை இறுகியது வேறொன்று என்று படித்தாகிவிட்டதே. மூக்கைக் கிட்டே வைத்தால் பெயின்ட் வாடையே வராத நாளில்தான் பூட்டினேன். துளைகளின் டேப் வட்டங்களை எடுத்து, திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்கினேன். ஸ்டாக்கைக் கழற்றி மாட்டியதில் குறி கொஞ்சம் இடம்பக்கம் போயிருந்தது. ஸ்கோப்பைத் திருப்பிச் சரிசெய்ய பதினைந்து பெல்லட் ஆனது.

இரண்டு மாதம் ஆகிறது. கன்னம் வைக்கும் இடம் அப்படியே இருக்கிறது. முன்கட்டையின் அடியில், மணல் பையில் வைத்துச் சுடும் இடத்தில், மேட் மெருகேறி லேசாகப் பளபளக்கிறது. துப்பாக்கி எண்ணெய் பட்டால் உடனே துடைத்துவிடுகிறேன், இந்தக் கிளியர் அதை எத்தனை நாள் தாங்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. டிரிக்கர் கார்டு பக்கத்தில் ஒரே ஒரு கறுப்புப் பொட்டு தெரிகிறது. பூட்டும்போது ஸ்குரூ டிரைவர் நழுவியது. நகத்தால் அதன் ஓரத்தை நெருடிப் பார்த்தேன். உரியவில்லை.