வாடகை கிரேனில் லோடு தூக்குவது: ரேடியஸும் தரையும்தான் முதல் கணக்கு

கிரேன் வாடகைக்குக் கேட்கும்போது பலரும் "50 டன் வண்டி அனுப்புங்க" என்றுதான் சொல்கிறார்கள். அந்த 50 டன் என்பது பூமை (கிரேனின் நீளும் கையை) நீட்டாமல், ஏறத்தாழ 3 மீட்டர் ரேடியஸில் (கிரேனிலிருந்து லோடு வரையுள்ள கிடைத்தூரத்தில்) கிடைக்கும் திறன். 12 மீட்டர் தள்ளி வைக்க வேண்டுமென்றால் அதே வண்டி பத்து டன் அளவுக்கு இறங்கிவிடும். அதனால் போனிலேயே மூன்றைச் சொல்லிவிடுகிறோம்: லோடின் எடை, எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும், எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும். ரேடியஸை வண்டியின் முன்பக்கத்திலிருந்து அளக்கக் கூடாது. மேல்பாகம் சுழலும் மையத்திலிருந்து ஹூக் வரைதான் அளவு. இங்கே தப்பாக அளந்தால் ஒன்றிரண்டு மீட்டர் சும்மா காணாமல் போகும்.

தூக்க வேண்டிய மெஷின் 5 டன் என்றால் கிரேன் தூக்கப்போவது 5 டன் மட்டும் அல்ல. ஹூக் பிளாக் (கப்பியோடு சேர்ந்த கொக்கி) 450 கிலோ, ஸ்லிங் (லோடைக் கட்டும் கயிறு அல்லது பெல்ட்), ஷேக்கிள் (மாட்டும் இரும்பு வளையம்) இரண்டும் 150 கிலோ என்று வைத்தால் 5.6 டன். அந்த ரேடியஸுக்கு லோட் சார்ட் (எந்த ரேடியஸில் எவ்வளவு தூக்கலாம் என்று கிரேனுக்குத் தரும் அட்டவணை) 7 டன் காட்டினால் 80 சதவீதத்தில் நிற்கிறோம். அதற்கு மேல் நாங்கள் போவதில்லை. லோடு தரையை விட்டு எழும்பும்போது பூம் வளையும், ரேடியஸ் கூடும், திறன் குறையும். சார்ட்டைப் பார்க்கும்போது கவுண்டர்வெயிட்டும் (பின்பக்க எதிர்எடையும்) அவுட்ரிகர் (பக்கவாட்டில் விரித்து ஊன்றும் கால்) விரிப்பும் நம் வண்டியில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று ஒத்துப்பார்க்க வேண்டும். பாதி விரித்த அவுட்ரிகருக்கு வேறு சார்ட்.

வண்டி வந்ததும் எங்கள் கவலை முழுக்கத் தரைமேல்தான். பூம் ஒரு மூலைக்கு மேலே திரும்பும்போது மொத்தச் சுமையின் பெரும்பங்கு அந்த ஒரே அவுட்ரிகரில் இறங்கும். 45 டன் இறங்குகிறது என்று வையுங்கள். அவுட்ரிகரின் அடியில் அரை மீட்டருக்கு அரை மீட்டர் தட்டு மட்டும் இருந்தால் சதுர மீட்டருக்கு 180 டன். கீழே ஒன்றரை மீட்டர் சதுரத்துக்கு வளையாத மேட் (சுமையைப் பரப்பும் கெட்டிப் பலகை) போட்டால் 20 டன். இரண்டு பலகைத் துண்டை நுழைத்து வைப்பது மேட் ஆகாது. அடியில் செப்டிக் டேங்க், பைப், புதிதாக மூடிய பள்ளம் உண்டா என்று சைட்காரரிடம் கேட்டே ஆக வேண்டும். திறந்த பள்ளம் பக்கத்தில் இருந்தால் அதன் ஆழத்தின் அளவாவது தள்ளி நிற்க வேண்டும். மண் இளகலாக இருந்தால் இரு மடங்கு. ராத்திரி மழை பெய்திருந்தால் நேற்றுப் பார்த்த தரையை இன்று மறுபடியும் பாருங்கள். அவுட்ரிகர் ஊன்றிய பின் லெவல் குமிழ் நடுவில் இருக்க வேண்டும், டயர்கள் தரையை விட்டு எழும்பியிருக்க வேண்டும்.

ஸ்லிங் கோணம் அடுத்தது. அதே 5 டன்னை இரண்டு கால் ஸ்லிங்கில் தூக்கினால், தரைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் ஒரு காலுக்கு 2.9 டன், 45-ல் 3.5 டன், 30 டிகிரியில் முழுசாக 5 டன். நீளம் குறைந்த ஸ்லிங்கை இழுத்துப் பிடித்து மாட்டினால் அது அறுந்துபோவது இதனால்தான். நான்கு கால் மாட்டினாலும் கெட்டியான லோடில் இரண்டு கால்தான் சுமக்கிறது என்று கணக்குப் போடுங்கள். பெல்ட் ஸ்லிங் கூர்மையான விளிம்பைத் தொடும் இடத்தில் பேடு கட்டாயம்.

தூக்கும்போது முதலில் ஒரு சாண் உயர்த்தி அப்படியே நிறுத்துவோம். ஹூக் ஈர்ப்பு மையத்துக்கு நேர் மேலே இல்லையென்றால் லோடு ஒருபக்கம் சாயும். உடனே இறக்கி ஸ்லிங்கை மாற்ற வேண்டும், கையால் தள்ளிச் சரிசெய்யக் கூடாது. அதே நேரத்தில் ஒருவர் மேட் அமிழ்கிறதா என்று பார்ப்பார். லோடு லிமிட் அலாரம் கத்தினால் அதை பைபாஸ் செய்யச் சொல்லும் மேஸ்திரியின் பேச்சை ஆபரேட்டர் கேட்க வேண்டியதில்லை. சிக்னல் ஒருவரே கொடுப்பார். ஆனால் "நிறுத்து" என்று யார் கத்தினாலும் நிறுத்த வேண்டும். ஆபரேட்டர் கண்ணுக்கு மறைவில் இறக்கும் வேலையில் வாக்கிடாக்கியில் குரல் நின்றாலே வண்டியும் நிற்க வேண்டும். அகலமான ஷீட், பேனல் என்றால் காற்றுக்குத் தனியாகப் பயப்படுங்கள்: எடை கம்மி, படகின் பாய்போல காற்றை வாங்கும். டேக் லைனை (லோடு சுழலாமல் பிடிக்கும் கயிற்றை) கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

வைத்த லோடு பேக்கிங்கில் (அடியில் வைத்த கட்டைகளில்) ஆடாமல் உட்கார்ந்த பிறகே ஸ்லிங்கைத் தளர்த்த வேண்டும். அடியில் மாட்டிய ஸ்லிங்கை கிரேனால் உருவாதீர்கள், சிக்கினால் லோடு கவிழும், கையால் இழுங்கள். பூமை உள்ளிழுத்து, இறக்கி அதன் தாங்கியில் உட்கார வைத்த பிறகுதான் அவுட்ரிகரைத் தூக்க வேண்டும்.