கைப்பணி மாஸ்டர் கேட்ட கேள்வி

எமது கல்லூரியில் எண்பதுகளில் படித்தவர்களுக்குக் கைப்பணிக் கொட்டில் மறந்திருக்காது. மைதானத்து மூலையில், வேப்பமரத்துக்குப் பின்னால் இருந்தது. உள்ளே கால் வைத்தாலே ஈர ஓலை வாசம் அடிக்கும். கணக்கும் பௌதிகமும் படித்துப் பல்கலைக்கழகம் போய்விட வேண்டும் என்ற ஓட்டத்தில் இருந்த எங்களுக்கு அந்தப் பாடம் இளைப்பாறும் நேரம். மாஸ்டருக்கு அப்படியில்லை. பனையோலையால் பெட்டி முடையும் பன்னவேலையை அவர் பூசை மாதிரிச் செய்வார்.

சார்வோலையை முதல்நாளே நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருப்பார். "காய்ஞ்ச ஓலை முறியும், நனைஞ்ச ஓலை சொல்லுக் கேக்கும்" என்பார். பெட்டி இழைக்க எல்லோரும் பழகிவிட்டோம். கடகம் பொத்துவதுதான் கஷ்டம். உள்ளுக்கு ஒரு பெட்டி, அதன்மேல் இன்னொரு அடுக்கு, இரண்டையும் சேர்த்து நாரால் பொத்தி விளிம்பு கட்ட வேண்டும். முடிந்ததும் மாஸ்டர் அதற்குள் மணலை நிரப்பி, வாங்கில் ஏறி நின்று கீழே போடுவார். நல்ல கடகம் ஒரு பக்கம் நசுங்கி, பிறகு தானாக நிமிரும். நிமிராவிட்டால் அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டியதுதான். "விழுத்திப் பாக்காமல் கடகம் எண்டு சொல்லாதை, தம்பி."

'இந்தியா பருப்புப் போட்ட நாள்' என்று ஊரில் இன்றும் சொல்கிற 1987 ஜூன் 4ஆம் திகதி, வியாழக்கிழமை பின்னேரம், நான் வீட்டு வளவில் நின்றேன். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் சண்டை நடந்த நேரம். நிவாரணப் பொருள்களோடு வந்த இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை முதல்நாள்தான் மறித்துத் திருப்பி அனுப்பியிருந்தது. விமானச் சத்தம் கேட்டதும் வழக்கம்போல் பங்கருக்குள் பாய்ந்தோம். குண்டு விழவில்லை. எட்டிப் பார்த்தால் வானத்தில் பாரசூட் குடைகள்! அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். பெங்களூரிலிருந்து வந்தவை ஐந்து அன்ரனோவ் 32 விமானங்கள், காவலுக்கு மிராஜ் 2000 போர் விமானங்கள், போட்டது சுமார் 25 தொன், அந்த நடவடிக்கைக்கு 'பூமாலை' என்று பெயர் என்பதெல்லாம் பிறகு அறிந்தவை. லட்சக்கணக்கான சனத்துக்கு 25 தொன் எந்த மூலைக்கு? எங்கள் வீட்டுக்கு ஒரு பிடி பருப்பும் வரவில்லை. ஆனாலும், எங்களையும் யாரோ நினைத்திருக்கிறார்கள் என்று அன்று நெஞ்சுக்குள் ஏறிய தெம்பு இன்னும் இறங்கவில்லை.

அடுத்த கைப்பணி வகுப்பில் நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அதைப் பற்றிக் கதைத்தோம். மாஸ்டர் கேட்டது ஒன்றுதான். "பொதியை எதிலை கட்டிப் போட்டவங்கள்? சாக்கோ, பெட்டியோ?" ஒருவருக்கும் தெரியவில்லை. "குடையைப் பாத்த நீங்கள் பொதியைப் பாக்கேல்லையே" என்றுவிட்டு ஓலையை எடுத்தார்.

சில வருடங்களுக்கு முன் நம் பழைய மாணவர் சங்கத்தின் கோடைச் சுற்றுலா இங்கிலாந்தின் சமர்செட்டுக்குப் போனது. வந்தவர்களுக்கு அந்தத் தாழ்ந்த ஈர நிலமும் வாய்க்கால் கரைகளில் நின்ற வில்லோ மரங்களும் நினைவிருக்கும். மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் நான் ஒரு கூடைப் பட்டறைக்குள் நுழைந்துவிட்டேன். அதே ஈர வாசம். இலை உதிர்ந்த பிறகு, குளிர்காலத்தில் வில்லோ மிலாறுகளை வெட்டுகிறார்கள். மணிக்கணக்காக அவித்து உரித்தால், பட்டையின் சாயம் ஊறிப் பழுப்பு மஞ்சள் நிறம் வருகிறது. முடைவதற்கு முன் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். முடைந்துகொண்டிருந்த பெரியவர், "காய்ந்தால் முறிந்துவிடும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மூலையில் ஒரு பழைய கூடை, நாலடி நீளம் இருக்கும். என்ன இது என்று கேட்டேன். இரண்டாம் உலகப் போரில் விமானத்திலிருந்து குடை கட்டிப் போட்ட கூடை, பன்னியர் என்பார்கள் என்றார். ரொட்டிக் கூடையைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நாம் கடையில் வாங்கும் பாணும் போர்த்துக்கீசர் வழியாக வந்த அதே வேர்தான். பன்னவேலைக்கும் பன்னியருக்கும் சொல் உறவு கிடையாது. ஆனாலும் காதில் விழுந்தபோது எனக்குச் சிலிர்த்தது.

போர்க்காலத்தில் அந்தப் பகுதியின் வில்லோ எல்லாம் இப்படிக் கூடைகளாகவே போனது என்று பெரியவர் சொன்னார். உலோகம் பாரம், வேறு தேவைக்கும் வேண்டும். மரப்பெட்டி தரையில் மோதினால் பிளக்கும். வில்லோக் கூடை நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு நிமிரும். மாஸ்டர் வாங்கில் ஏறி நின்று காட்டியதும் இதைத்தானே! டகோட்டா விமானத்தின் தளத்தில் உருளைகள் பொருத்தி, அதன்மேல் கூடைகளை வரிசையாக அடுக்கி, திறந்த வாசலால் தள்ளுவார்கள். தள்ளியவர்கள் விமானப்படையினர்கூட அல்லர், தரைப்படையின் வழங்கல் பிரிவு ஆட்கள். கைக்குத் துவக்கு இல்லாமல், சுடப்படும் விமானத்தின் வாசலில் நின்று கூடை தள்ளிய அவர்களைப் பற்றி அதிகம் பேர் எழுதவில்லை என்பது என் ஆதங்கம்.

அவர்களைப் பற்றித் தேடியபோதுதான் ஆர்ன்ஹெம் கதை கிடைத்தது. 1944 செப்டெம்பர் 17இல் நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நகரில், ரைன் ஆற்றுப் பாலத்தைப் பிடிக்க இறங்கிய பிரித்தானிய வான்குடைப் படைப்பிரிவு ஜெர்மானியரிடம் மாட்டிக்கொண்டது. ஊஸ்டர்பேக் என்ற சிற்றூரைச் சுற்றி அவர்கள் முற்றுகைக்குள் இருந்தார்கள். உணவும் தோட்டாவும் மருந்தும் வானத்தால்தான் வர வேண்டும். ஆனால் கூடைகள் போடக் குறித்து வைத்த இடம் எதிரியின் கையில் போய்விட்டது. அந்தச் செய்தி உரிய நேரத்தில் இங்கிலாந்துக்குப் போய்ச் சேரவில்லை. கீழே நின்றவர்கள் வெளிச்சக் குண்டு விட்டார்கள், குடைத் துணியை விரித்து அசைத்தார்கள். விமானங்கள் குறித்த இடத்திலேயே கொட்டிவிட்டுப் போயின. பசியோடு அண்ணாந்து நின்று, தங்களுக்கு வந்த கூடை எதிரியின் பக்கம் இறங்குவதைப் பார்ப்பது எப்படி இருந்திருக்கும்? 1987இல் அண்ணாந்து நின்ற எனக்கு அதை வாசித்த இரவு தூக்கம் வரவில்லை.

செப்டெம்பர் 19இல் வந்த டகோட்டாக்களில் ஒன்றை ஓட்டியவர் டேவிட் லோர்ட். முன்பு இந்தியாவிலிருந்து பர்மாக் காடுகளுக்குப் பறந்து பொருள் போட்டுப் பழகியவர். (அந்தப் பர்மா முனையில் குடைக்குப் பட்டும் பருத்தியும் கிடைக்காமல், கல்கத்தா ஆலைகளில் சணலால் குடை செய்து சமாளித்தார்கள். கேட்டிருந்தால் மாஸ்டர் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்.) இலக்கை நெருங்கும்போதே லோர்டின் விமானத்தில் வலது பக்கம் தீப்பிடித்தது. குதித்துத் தப்ப நேரம் இருந்தது. அவர் 900 அடிக்கு இறங்கி, நேராகப் பறந்து பொருள்களைப் போட்டார். பார்த்தால் இரண்டு மிச்சம். அந்த இரண்டையும் போடுவதற்காக, எரிகிற விமானத்தைத் திருப்பிக்கொண்டு மீண்டும் வந்தார். போட்டு முடிந்ததும் எல்லோரையும் குதிக்கச் சொன்னார். இறக்கை முறிந்து விழுந்தது. எட்டுப் பேரில் திசைகாட்டி அதிகாரி ஒருவரே உயிர் தப்பினார். கூடை தள்ளிய நால்வரும் இறந்தவர்களில் அடக்கம். லோர்டுக்கு இறந்தபின், பிரித்தானியாவின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. தான் போட்ட இடம் எதிரியுடையது என்று அவருக்குத் தெரியாது.

போன செப்டெம்பரில் ஊஸ்டர்பேக் போர்க்கல்லறைக்குப் போனேன். லோர்டும் அவரோடு இறந்தவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். 1945 தொடக்கம் அங்கே ஒரு வழக்கம்: ஒவ்வொரு நினைவு நாளிலும் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கல்லறைக்கு ஒருவராகப் பூவோடு வரிசையாக நின்று, ஒன்றாகக் குனிந்து வைக்கிறார்கள். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த சின்ன ஓலைக் குட்டான் ஒன்றில் பூ எடுத்துப் போயிருந்தேன். கூடை தள்ளிய நால்வரில் ஒருவருடைய கல்லின் முன் அதை வைத்தேன். பக்கத்துக் கல்லில் பூ வைத்த பத்து வயதுச் சிறுமி குட்டானைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது எதில் செய்தது என்று கேட்டாள்.

மாஸ்டர் இருந்திருந்தால் அன்றிரவே தொலைபேசி எடுத்திருப்பேன். அவள் கேட்ட கேள்வியை முதலில் சொல்லியிருப்பேன்.